மூளை முந்தியதா, கால் முந்தியதா?

கேள்வி: மூளை பெரிதான பிறகுதான் நம் முன்னோர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார்களா? பெரிய மூளையே அறிவுக்குக் காரணம் என்றால், யானை ஏன் நம்மை மிஞ்சவில்லை?

பதில்: நடைதான் முந்தியது. எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974-இல் கிடைத்த, ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள ‘லூசி’ என்னும் முன்மனித எலும்புக்கூட்டின் தொடையெலும்பு, நமக்கிருப்பதைப் போலவே முழங்காலை நோக்கி உட்புறமாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டு காலில் நடப்பவர்களுக்கே உரிய அமைப்பு இது. லூசி இனத்தாரின் மூளையோ சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரியது. கென்யாவின் லொமேக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்பதால், கல்லை உடைத்துக் கூராக்கவும் பெரிய மூளைக்காக எவரும் காத்திருக்கவில்லை.

மூளையே முந்தியது என்னும் எண்ணம் அறிஞர்களையும் ஏமாற்றியிருக்கிறது. மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்து, பற்களை அரத்தால் தேய்த்து, சாயமும் ஏற்றி இங்கிலாந்தில் உருவாக்கிய ‘பில்ட்டவுன் மனிதன்’ என்னும் போலி, 1912 முதல் 1953 வரை தாக்குப்பிடித்தது. அதற்குள் தென்னாப்பிரிக்காவில் 1924-இல் கிடைத்த ‘டாங் குழந்தை’ என்னும், சிறு மூளையுள்ள உண்மையான முன்மனிதக் குழந்தையின் மண்டையோட்டைப் பலர் குரங்கென்று ஒதுக்கிவிட்டனர்.

மூளை தீனி மிகுந்த உறுப்பு. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள அது, நாம் சும்மா இருக்கும்போதும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. கற்கருவியால் கிடைத்த இறைச்சியும் எலும்பு மச்சையும், பின்னர் நெருப்பில் வெந்த உணவும் அந்தச் செலவைத் தாங்கின என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

யானைக்கு நரம்பணுக்கள் நம்மைவிட மும்மடங்கு, சுமார் 25,700 கோடி. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை சிறுமூளையில் இருக்கின்றன. சிந்தனைக்குரிய பெருமூளைப் புறணியில் யானைக்குச் சுமார் 560 கோடியும் நமக்கு 1,600 கோடியும் உள்ளன. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் வாழ்ந்த குள்ள மனித இனத்துக்கு மூளை சிம்பன்சி அளவே. அவர்களும் கற்கருவி செய்தவர்கள்தாம். ஆகவே அளவைவிட அமைப்பே முக்கியம்.

அதோடு கற்கும் காலத்தையும் சேர்க்க வேண்டும். பிறக்கும்போது மனிதக் குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய வளர்ச்சியெல்லாம் வெளியே, பேசுகிற, செய்துகாட்டுகிற, திருத்துகிற மனிதர்களின் நடுவே நடைபெறுகிறது.