குதிகால் தடிப்பும் அப்பாவின் மாரடைப்பும்

கடிதத்தில் நீங்கள் கேட்டிருக்கும் முட்டை, தேங்காய் எண்ணெய், முடி உதிர்வு, ஏப்பம் எதுவும் உங்கள் பிரச்சினை இல்லை. எல்லாக் கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கடைசியில், 'இரண்டு குதிகாலுக்கு மேலேயும் பின்பக்கம் தடித்திருக்கிறது, ஷூ உரசுகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அப்பா 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். அத்தைக்கு 52 வயதில் பைபாஸ். உங்களுக்கு 36 வயதில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 248. 'எனக்கும் அப்படித்தானா?' என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. பயப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்குக் கிடைக்காத சிகிச்சை உங்களுக்குக் கிடைக்கும்.

நாற்காலியின் மேல் முட்டிபோட்டு, பாதங்களைத் தொங்கவிடுங்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபக்கமும் பிடித்து, நான்கு விரற்கடை மேலே வரை தடவிப் பார்க்கும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். ஒரே சீராக, பட்டையாக இருந்தால் சரி. தடித்து, மேடுபள்ளமாக, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் தசைநாணுக்குள் படிந்த கொலஸ்ட்ரால். கைவிரல் முட்டிகளின் மேலும் இப்படி வரலாம். கொழுப்புக் கட்டி என்று யாராவது வெட்டி எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எல்டிஎல் நன்றாக இறங்கினால் இதுவும் மெல்லச் சுருங்கும்.

எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்து, குடும்பத்தில் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 65 வயதுக்கு முன்பே இதய நோய் வந்திருந்தால், பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். குதிகால் தடிப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய உறுதி. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் உண்டு. இதைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று பழுதானால் பிறந்த நாள் முதலே எல்டிஎல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும். நீங்கள் ஒல்லியாக இருப்பதும் தினமும் ஓடுவதும் நல்லதுதான்; ஆனால் பழுதான மரபணுவை அவை சரிசெய்யாது. உணவுக் கட்டுப்பாட்டால் 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலே அதிகம். ஈசிஜி நார்மல் என்பதும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமில் 160-க்கு இறங்கிய எல்டிஎல், வீடியோ பார்த்து மாத்திரையை நிறுத்திப் பூண்டு-இஞ்சிச் சாறு குடித்த எட்டு மாதத்தில் 251. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? 'ஸ்டாட்டின் கல்லீரலைக் கெடுக்கும்' என்று வீடியோவில் பேசுபவர் உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததில்லை. உங்களுக்கு 10 மில்லிகிராமே போதாது. அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20 தேவைப்படும். மருத்துவர் எழுதித் தர வேண்டும், நீங்களாகக் கூட்டக் கூடாது. தைராய்டு குறைவும் சிறுநீரில் புரதம் போவதும் எல்டிஎல்லை ஏற்றும் என்பதால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டுப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டையும் முதலில் பாருங்கள். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளுக்கான ரத்தப் பரிசோதனை வாழ்நாளில் ஒருமுறை போதும்; அதுவும் பரம்பரையாக வருவதே, உயர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். 6 முதல் 8 வாரத்தில் எல்டிஎல்லை மீண்டும் பாருங்கள். குறைந்தபட்சம் பாதியாவது குறைந்து, 70-க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் எசெட்டிமிப் என்ற இன்னொரு மாத்திரையை 10 மில்லிகிராம் சேர்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஊசி மருந்துகள் உண்டு. தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றலாம். கடுமையான வலியுடன் சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று மீதமிருக்கிறது. உங்கள் மனைவி அந்த அத்தையின் மகள். பைபாஸ் செய்த அத்தைக்கும் இதே மரபணு இருந்தால் உங்கள் மனைவிக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப்பட்ட குழந்தைகளின் எல்டிஎல் 400, 500-ஐத் தாண்டும். பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரலாம். எனவே ஆறு வயது மகளுக்கும் மனைவிக்கும் இந்த வாரமே லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை செய்யுங்கள். மரபணுப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். மகளுக்கு எல்டிஎல் 160-க்கு மேல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள். ஒரு பிரதி மட்டும் பழுது என்றால் வழக்கமாக 8 முதல் 10 வயதில் மாத்திரை தொடங்குவார்கள். 400-ஐத் தாண்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் குழந்தை இதய நிபுணரைப் பாருங்கள்.

'ஒல்லிதான், அவளுக்கு ஒன்றும் இருக்காது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால் பரிசோதனை அதற்கு முன்பே நடக்கட்டும். கர்ப்ப காலத்தில் பொதுவாக ஸ்டாட்டின் கொடுப்பதில்லை.