ஆய்வக அப்ரண்டிஸ் கேள்வி-பதில்: ரப்பர் பால், கடற்கரை மணல், ரிஜிஸ்டர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒப்பந்தம் பற்றியவை. மீதி, பெஞ்சில் நின்று வேலை பார்க்கிறவர்களின் சந்தேகங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ரப்பர் பால் ஆலை ஆய்வகத்தில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். ஒரே கேனில் எடுத்த பாலுக்கு டி.ஆர்.சி. (பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) எனக்கு 33 வருகிறது, சீனியருக்கு 36. என் கை சரியில்லையா? (குலசேகரம்)

மூன்று புள்ளி வித்தியாசம் தராசால் வராது. முதலில் மாதிரியைப் பாருங்கள். நின்றுபோன பாலில் மேலே எடுத்தால் ஒன்று வரும், அடியில் எடுத்தால் வேறொன்று வரும். நுரை எழாமல் அடிவரை கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். ஆசிட் விட்டு உறைய வைத்த பிறகு மிஞ்சும் நீர் தெளிந்திருக்கிறதா? பால் நிறத்தில் இருந்தால் ரப்பர் இன்னும் அதிலேயே நிற்கிறது, உங்கள் அளவு குறையும். உறைந்ததை 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் அழுத்தி, கழுவி, 70 டிகிரியில் உலர்த்துங்கள். ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் உலரவில்லை என்று அர்த்தம்; அந்த ஈரமும் ரப்பர் கணக்கில் ஏறிவிடும். ஆக, சீனியரின் 36 சரியாக உலராத ஷீட்டாகவும் இருக்கலாம். இருவரும் ஒரே மாதிரியை இரண்டு இரண்டாகச் செய்து பாருங்கள்.

இதைச் சும்மா விடக்கூடாது. 100 கிலோ பாலில் 3 புள்ளி என்றால் 3 கிலோ காய்ந்த ரப்பர். கிலோ 200 ரூபாய் என்று வைத்தாலும் 600 ரூபாய். விடியுமுன் பால்வெட்டுக்குப் போன ஒருவரின் கூலி உங்கள் அடுப்பில் கிடக்கிறது. வந்த எண்ணை வந்த நேரத்திலேயே, பேனாவால் எழுதுங்கள்.

ஆறு மாதமாக ஒரு தனியார் லேபில் அப்ரண்டிஸ். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பரவாயில்லையா? (மார்த்தாண்டம்)

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, அது பதிவாக வேண்டும். அது இல்லாமல் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை, குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். கடைசியில் கிடைப்பது அந்த லேபின் லெட்டர்ஹெட் மட்டும்தான். அதைவிட மோசம் ஒன்று உண்டு: ஒரு வருட வேலை அனுபவம் ஆகிவிட்டால் நாட்ஸ் திட்டத்தில் (டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கான மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டம்) சேர முடியாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் வருடம் முடிவதற்குள் வெளியே வாருங்கள்.

சார், லேப் அப்ரண்டிஸ் முழு விவரம் அனுப்பவும், அர்ஜன்ட். (ஊர் இல்லை)

என்ன படித்தீர்கள், எப்போது முடித்தீர்கள், எந்த ஊர், எதுவும் எழுதவில்லை. ஐ.டி.ஐ.யில் லேபரட்டரி அசிஸ்டென்ட் படித்தவருக்கு ஒரு வழி, டிகிரிக்காரருக்கு வேறு வழி. முதலாமவர் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் நேரில் விசாரிக்கலாம். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் நாட்ஸ் தளத்தில் பதிய வேண்டும். தெற்கு மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இப்படி அவசரத்தில் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் ஒப்பந்தத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பகலெல்லாம் ரஃப் நோட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் ரிஜிஸ்டரில் அழகாக ஃபேர் காப்பி எடுக்கச் சொல்கிறார்கள். கையெழுத்து நன்றாக இருப்பதால் அந்த வேலை எனக்கே வருகிறது. இதில் தப்பு உண்டா? (தக்கலை)

உண்டு. பெரிய தப்பு.

இந்தப் பழக்கம் பிளஸ் டூ ரெக்கார்ட் நோட்டில் தொடங்குகிறது. போன வருட அக்காவின் நோட்டைப் பார்த்து உப்புப் பகுப்பாய்வை எழுதி, கோடு போட்டு, கையெழுத்து வாங்கி, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். கல்லூரியிலும் அதேதான். ஆய்வகம் என்றால் அழகான நோட்டு என்று மூன்று, நான்கு வருடம் பழகிய பிள்ளை வேலைக்கு வந்த முதல் நாளே சரியாக எழுதும் என்று எதிர்பார்க்க முடியாது. குறை பிள்ளைகளிடம் இல்லை, பழக்கியவர்களிடம்.

நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் அடுப்பின் வெப்பநிலை ரிஜிஸ்டர் ஒரு மாதம் முழுக்க ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தது. மணிக்கு ஒரு வரி, எல்லாம் 70. நடுவில் ஒரு நாள் மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த இரண்டு வரியிலும் 70தான். அந்தப் பிள்ளை பொய் சொல்ல நினைக்கவில்லை, காலியாக இருந்த கட்டத்தை நிரப்பியது, அவ்வளவுதான். ஆனால் அன்று அந்த அடுப்பில் இருந்த மாதிரிகளின் முடிவை இனி யார் நம்புவது?

சோதனை ஆய்வகங்களுக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படிதான் வருகிறது. அதன் 2017 பதிப்பு தெளிவாகவே சொல்கிறது: கண்டதைக் கண்ட நேரத்தில் பதிய வேண்டும். திருத்தினால் பழையதும் தெரிய வேண்டும், புதியதும் தெரிய வேண்டும். யார் திருத்தினார், என்று திருத்தினார் என்பதும் இருக்க வேண்டும். ஃபேர் காப்பியில் இது எதுவும் மிஞ்சாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ரிஜிஸ்டரைத் தராசுப் பக்கத்திலேயே வையுங்கள். பார்த்ததும் பேனாவால் எழுதுங்கள். தப்பினால் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. ஒயிட்னர் கூடாது, பென்சில் கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது. ஆசிட் துளி பட்டுக் கறையானாலும் அந்தப் பக்கம்தான் பக்கம். ஃபேர் காப்பி கண்டிப்பாக வேண்டும் என்றால் ரஃப் நோட்டையும் பக்க எண்ணோடு பத்திரப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். "அழகாக எழுதுகிறாள்" என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம் மக்களே.

என் மகளுக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலை ஆய்வகத்தில் பயிற்சி கிடைக்கும்போல் இருக்கிறது. கதிர்வீச்சு என்கிறார்கள், அனுப்பலாமா? (குளச்சல், ஒரு தாய்)

பயம் நியாயமானது, அம்மா. இல்மனைட், ரூட்டைல், சிர்கான் எல்லாம் எடுக்கும் அதே மணலில் மோனசைட்டும் இருக்கிறது; அதில் தோரியம் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது தூசி. முகக்கவசம் போட வேண்டும், ஆய்வகத்தில் சாப்பாடு, தண்ணீர் கூடாது, கை கழுவாமல் வெளியே வரக்கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு). 16 முதல் 18 வயதுப் பயிற்சியாளருக்கு 6. மோனசைட் பக்கம் வேலை என்றால் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் உண்டா, அதன் கணக்கை அவளுக்குக் காட்டுவார்களா என்று சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். நல்ல பதில் வந்தால் அனுப்புங்கள்.

வேலையோடு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) தபால் வழியில் படிக்கலாமா? (அருமனை)

வேண்டாம். ரத்தம் எடுக்கத் தபாலில் பழக முடியாது.

செமஸ்டர் நேரத்திலும் இரவு எட்டு மணி வரை நிற்கச் சொல்கிறார்கள். (இரணியல்)

அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. தேர்வு அட்டவணை கையில் வந்த அன்றே, வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். நகலில் வாங்கியவர் கையெழுத்து இருக்கட்டும். இதெல்லாம் பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான் பேச முடியும் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை நிச்சயமா? (பூதப்பாண்டி)

இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் உண்டு.

பர்மாங்கனேட் டைட்ரேஷனில் பியூரெட் அளவைப் பார்க்க வேண்டியது திரவத்தின் மேல் வளைவிலா, கீழ் வளைவிலா? புனலை பியூரெட்டிலேயே விடலாமா? (கருங்கல்)

மேல் வளைவு, கரும் நிறத்தில் கீழ் வளைவு தெரியாது. தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் பாருங்கள். புனலை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து ஒரு துளி விழுந்தால் உங்கள் அளவு போச்சு. இரண்டு அளவும் 0.1 மில்லிக்குள் வரும் வரை செய்யுங்கள். வராத அளவுகளையும் எழுதி வையுங்கள்.