ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் ஹெட்செட்டைச் செருகினால் பாட்டில் குரல் மட்டும் காணாமல் போகிறது, மைக்கும் வேலை செய்யவில்லை. எப்படி வயரிங் செய்வது?

முதலில் ஹெட்செட் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கிறதா? உங்களுக்கு நடப்பதைப் பார்த்தால் மூன்றுதான் இருக்கும். மைக்கையும் ஒரே பிளக்கில் சேர்த்த ஹெட்செட் அது. ஆம்ப்ளிஃபையரில் இருப்பது இரண்டு வளையப் பிளக்குக்கான ஜாக். ஹெட்செட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபையர் வந்த அன்று ராத்திரியே இணைத்துப் பாட்டுப் போட்டேன். வயலின் இரண்டு ஓரத்திலும் அழகாகக் கேட்டது, பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் இருந்து பாடினார். பிளக்கைத் திருகினேன், துடைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வயரில் பேச்சை எடுக்க ஒரு சின்ன பட்டன் இருக்குமே, அது தற்செயலாக அழுந்தியது. சட்டென்று குரல் நடுவில் வந்து நின்றது. விரலை எடுத்ததும் போய்விட்டது. பத்துப் பதினைந்து தரம் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, பட்டன்தான் போச்சு என்று முடிவு செய்து ஹெட்செட்டைக் குப்பையில் போட்டேன். அடுத்து வாங்கியதும் அதையே செய்தபோதுதான் உறைத்தது.

ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்ட், அதாவது இடது வலது இரண்டுக்கும் பொதுவான திரும்பும் இணைப்பு, பிளக்கில் இருக்கும் கிரவுண்ட் பகுதியைத் தொடாமல் மைக் பகுதியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கிரவுண்ட் அறுந்தால் இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் விழும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால் அது அடிபட்டுப் போகிறது. அந்தப் பட்டன் மைக் கம்பியையும் கிரவுண்டையும் சேர்ப்பது, அதனால்தான் அழுத்தும்போது மட்டும் குரல் வந்தது.

தேவை ஒரு ஒய் ஸ்ப்ளிட்டர். ஒரு பக்கம் ஹெட்செட்டைச் செருக மூன்று வளைய ஜாக், மறுபக்கம் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு பிளக். இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கும் ஸ்ப்ளிட்டரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஹெட்போன் பிளக் ஆம்ப்ளிஃபையருக்கு, மைக் பிளக் கம்ப்யூட்டரின் ரோஸ் நிற ஜாக்குக்கு. மைக்குக்கு வேண்டிய சின்ன வோல்டேஜ் அங்கிருந்துதான் வரும், சாதாரண ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் அதைத் தராது. கம்ப்யூட்டரின் பச்சை நிற லைன் அவுட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையர் இன்புட்டுக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான். ஆனால் பேலன்ஸ்டு அவுட்புட்டில், அதாவது இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி நெகட்டிவ் உள்ள அவுட்புட்டில், மட்டும் இந்த ஸ்ப்ளிட்டரை எந்த அடாப்டர் போட்டும் மாட்டாதீர்கள். இரண்டு நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்து ஆம்ப்ளிஃபையரே போய்விடலாம்.

"ஹெட்செட்டுக்கு எதற்கு ஆம்ப்ளிஃபையர், வீண் செலவு" என்று இங்கே யாராவது சொல்ல வருவார்கள். எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரில் சத்தம் போதவில்லை, வாங்கினேன். வாங்கியவர் கேட்கிறார், அவருக்குப் பதில் சொல்வோம்.

எனக்குத் தீராத கோபம் வேறொன்றில். ஹெட்செட் வயரைக் கழற்றி மாற்ற முடியாதபடி ஏன் செய்கிறார்கள்? ஸ்பீக்கர் நன்றாக இருக்கும், மைக் நன்றாக இருக்கும், பிளக் பக்கத்தில் வயர் முறிந்தால் முழுசும் குப்பை. அப்படி இரண்டு போயிருக்கிறது எனக்கு.

சரி, இன்னொன்று. இணைத்த பிறகு எதிரில் பேசுகிறவர் "என் குரலே எனக்குத் திரும்பி வருது" என்றால் சாஃப்ட்வேரை நோண்டாதீர்கள். ஹெட்போனும் மைக்கும் ஒரே கிரவுண்ட் கம்பியைப் பகிர்வதால் ஒலி மைக்குக்குள் கசிகிறது, சத்தத்தைக் கூட்டக் கூட்டக் கசிவும் கூடும். கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் தனியாக ஒரு யுஎஸ்பி மைக் வைத்துவிட்டு, ஸ்ப்ளிட்டரின் மைக் பிளக்கை எதிலும் செருகாமல் விட்டுவிடுங்கள். எனக்கு அதில்தான் சரியானது.