கீட்டோன் டாலன்ஸ் வினைக்காரணியை (அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசல்) ஒடுக்காது என்கிறார்கள். அப்படியானால் கீட்டோன் சர்க்கரையான பிரக்டோஸ் எப்படி வெள்ளி ஆடி தருகிறது?

செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். இதே இடத்தில் மதிப்பெண் இழந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இளங்கலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எனக்குக் கிடைத்த வெண்ணிறப் பொடியைப் புதிதாகத் தயாரித்த டாலன்ஸ் வினைக்காரணியுடன் சேர்த்து வெந்நீரில் வைத்தபோது, கரைசல் பழுப்பேறிக் கறுத்து, பிறகு குழாயின் உட்சுவர் முழுவதும் வெள்ளி படிந்து, எதிரிலிருந்த சன்னல் கம்பிகள் அதில் தெரிந்தன. கீட்டோன் சர்க்கரையைக் காட்டும் செலிவானாஃப் சோதனையில் அதே பொடி விரைவிலேயே செந்நிறம் தந்ததால் பிரக்டோஸ் என முடிவு செய்து, கண்டதைக் கண்டபடி எழுதினேன். "கீட்டோன் எப்படி ஆடி தரும்? செய்யாமலே எழுதியிருக்கிறாய்" என்று வெளித்தேர்வாளர் அந்த வரியை அடித்தார். குழாயை எடுத்து நீட்டியும் அவர் பார்க்கவில்லை. அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆல்டிஹைடின் கார்பனைல் கார்பனில் (ஆக்ஸிஜனுடன் இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் அது எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அமிலமாகிறது. கீட்டோனில் அந்த இடத்தில் இன்னொரு கார்பன் இருப்பதால் கார்பன்-கார்பன் பிணைப்பு உடைய வேண்டும். டாலன்ஸ் வினைக்காரணிக்கு அந்த வலிமை இல்லை. அசிட்டோனுக்கு இது முற்றிலும் பொருந்தும். பிரக்டோஸிலோ கார்பனைலை அடுத்த கார்பனிலேயே ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஆகவே டாலன்ஸின் கார ஊடகத்தில் அது ஈன்டையாலாக (இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் ஹைட்ராக்சில் உள்ள வடிவம்) மாறி, அதன் வழியே ஆல்டிஹைடு சர்க்கரைகளான குளுக்கோஸும் மேனோஸும் உண்டாகின்றன. ஈன்டையாலே நேரடியாக ஆக்ஸிஜனேற்றம் அடையும் என்று சிலர் திருத்த வரலாம். அதை நான் மறுக்கவில்லை, எந்த வழியானாலும் தொடக்கம் அந்த ஹைட்ராக்சில்தான்.

காரத்தின் பங்கை அறிய புரோமின் நீரைப் பாருங்கள்: காரமில்லாத அந்த ஊடகத்தில் குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாகிப் புரோமினின் நிறத்தை நீக்கிவிடும், பிரக்டோஸ் நீக்காது. ஆல்டிஹைடு ஒடுக்கும், கீட்டோன் ஒடுக்காது என்ற விதி மறுபக்கமும் வழுவுகிறது. பென்சால்டிஹைடு, ஆல்டிஹைடாக இருந்தும், செம்பு அயனி கொண்ட காரக் கரைசலான பெலிங் கரைசலில் சிவப்பு வீழ்படிவு தருவதில்லை.

தேர்வில் பிரக்டோஸுக்கு வெள்ளி ஆடி கிடைத்தால், அருகிலேயே 'ஆல்ஃபா ஹைட்ராக்சி கீட்டோன்' என்று காரணத்தையும் எழுதிவிடுங்கள். தேர்வாளர் வந்து பார்க்கும்வரை குழாயைக் கழுவாதீர்கள். ஆனால் மீதமுள்ள வினைக்காரணியில் நீர்த்த அமிலம் சேர்த்து உடனே அப்புறப்படுத்துங்கள், தேங்க விட்டால் அதில் வெடிக்கும் பொருள் உருவாகக்கூடும்.