அப்பாவின் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. கண், சிறுநீரகம், கால் பரிசோதனை இனியும் தேவையா?

தேவை. உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் தேவை.

ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை, அதில் முதல் நான்கு ஆண்டுகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, இப்போது மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.8 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 6.8 நல்ல அளவு. அதற்காக அவர் பட்ட பாட்டை நினைத்து மனதாரப் பாராட்டுங்கள். ஆனால் "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு" என்று அவர் கேட்டால், அந்த முதல் நான்கு ஆண்டுகளைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும்.

நான் மதுரையில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் பல ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். மைக்கேல் பிரௌன்லீ என்பவரின் கட்டுரைகளை எங்கள் டாக்டர் ஒருவர் படிக்கக் கொடுத்தார். நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர் அவர். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தரும் பான்டிங் விருதுக்காக 2004இல் அவர் ஆற்றிய உரையை நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். சர்க்கரை உடம்பு முழுக்கத்தான் ஓடுகிறது, பிறகு ஏன் கண்ணும் சிறுநீரகமும் காலும் முதலில் கெடுகின்றன என்ற கேள்விக்கு அதில்தான் எனக்கு விடை கிடைத்தது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது நம் உடம்பின் பெரும்பாலான செல்கள் கதவை ஒருக்களித்துக்கொள்கின்றன. வெளியே எவ்வளவு ஏறினாலும் உள்ளே வரும் அளவை அவற்றால் குறைத்துக்கொள்ள முடியும். விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர், சிறுநீரக வடிகட்டியில் உள்ள சில செல்கள், கை கால் நரம்புச் செல்கள் ஆகியவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. வெளியே ஏறும் சர்க்கரை அப்படியே உள்ளேயும் ஏறுகிறது. அதை எரிக்கும்போது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் சூப்பர் ஆக்சைடு என்ற கேடு விளைவிக்கும் மூலக்கூறு அளவுக்கு மீறி உண்டாகிறது.

பிரௌன்லீக்கு முன்பே, அதிகச் சர்க்கரை ரத்தக் குழாயைக் கெடுக்கும் வழிகள் நான்கைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வழியை மட்டும் அடைக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பிரௌன்லீ குழுவினர் மாட்டின் பெருந்தமனிச் செல்களை வைத்துச் செய்த சோதனையை 2000இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சூப்பர் ஆக்சைடு பெருகாமல் தடுத்தபோது அந்த வழிகளில் மூன்று ஒரே நேரத்தில் அடைபட்டன. நான்காவது வழியையும் சேர்த்து நான்குக்கும் ஊற்று ஒன்றே என்பதுதான் 2004 உரையின் சாரம்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமே" என்று யாராவது உங்கள் அப்பாவிடம் டப்பாவை நீட்டுவார்கள். வாங்க வேண்டாம். 9,500க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த ஹோப் ஆய்வில், நாலரை ஆண்டுகள் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. பிரௌன்லீயே அதற்குக் காரணம் சொல்கிறார்: அந்த மாத்திரைகள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கேடு விளைவிக்கும் மூலக்கூறுகளை அழிக்கும், சர்க்கரை ஏறியிருக்கும்வரை அவையோ இடைவிடாமல் உருவாகிக்கொண்டே இருக்கும்.

இனி அந்த நான்கு ஆண்டுகள். 2008இல் வெளியான ஒரு கட்டுரையில், பிரௌன்லீயும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் மனிதத் தமனிச் செல்களை வெறும் 16 மணி நேரம் அதிகச் சர்க்கரையில் வைத்து எடுத்தார்கள். பிறகு சர்க்கரை இயல்பு அளவில் இருந்தும், அழற்சியைத் தூண்டும் மரபணு ஒன்றின் மாறுதல் ஆறு நாட்கள் நீடித்தது. மனிதர்களிடமும் இதே போக்குதான். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 1993இல் முடிந்தது. அதில் ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்தினார்கள், மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. அதன் பிறகு இரு பிரிவினரின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முன்பு அளவு கூடியிருந்தவர்களுக்கே கண்ணும் சிறுநீரகமும் அதிகம் கெட்டன. உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற இரண்டாம் வகையிலும், ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் மாரடைப்பு குறைவாகவே இருந்ததை 2008இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வின் இன்னொரு பகுதியில், ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்ததாலேயே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. அதனால் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை இருந்தால் அதையும் விடக் கூடாது.

காலைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகை விவசாயி ஒருவர், பாதத்தில் ஏதோ ஈரமாகக் கசிகிறது என்று வந்தார். இடுக்கியால் நான் துழாவிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு மாட்டுத்தாவணியில் பூ என்ன விலைக்குப் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறியிருந்த சீமைக்கருவேல முள் ஒன்று, கட்டை விரலுக்குக் கீழே முழுதாகப் புதைந்து கிடந்தது. இழுத்து எடுத்துக் காட்டும்வரை அவர் பேச்சு நிற்கவில்லை. "என்ன சிஸ்டர், இதுவா உள்ளே இருந்தது?" என்றார். வலி இல்லை. அன்று அவருக்குச் சர்க்கரை அளவு நன்றாகத்தான் இருந்தது. நரம்பு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மரத்துப்போயிருந்தது.

சித்திரை மாதத்தில் எங்கள் பிரிவில் கூட்டம் கூடும். அழகரைப் பார்க்க வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தவர்களும், மீனாட்சி கோயில் ஆடி வீதியை உச்சி வெயிலில் சுற்றியவர்களும் உள்ளங்கால் கொப்புளத்தோடு வருவார்கள். சுடுவதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்பாவுக்கு வேண்டுதல் இருந்தால் விடியற்காலையில் போகச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை இவை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. சிறுநீரகத்துக்காக, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவையும் பார்க்க வேண்டும். பாதத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை, வலிக்காது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9க்குக் கீழே வந்தால் கால் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். 1.4க்கு மேலே வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் இறுகிப்போயிருந்தாலும் அப்படிக் காட்டும்.

டாக்டரிடம் போகும்போது இப்போதைய 6.8 ரிப்போர்ட்டோடு, வீட்டில் எங்காவது கிடக்கும் அந்த முதல் நான்கு ஆண்டு ரிப்போர்ட்டுகளையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு காலம், எவ்வளவு அளவில் இருந்தது என்று அவர் கேட்பார்.