பால் சேர்மமா, கலவையா?

"பால் முழுக்க ஒரே வெள்ளையாகத்தானே இருக்கிறது, அதை ஏன் சேர்மம் என்று சொல்வதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவதை வைத்து முடிவுகட்ட முடியாது. பொருள்கள் மாறாத விகிதத்தில் வேதியியல் முறையில் இணைந்திருந்தால் சேர்மம்; விகிதம் மாறக்கூடியபடி வெறுமனே கலந்திருந்தால் கலவை. அதனால் விகிதம் மாறுமா என்று பாருங்கள்.

சுத்தமான தண்ணீரை எங்கிருந்து எடுத்தாலும் எடையில் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 8 பங்கு ஆக்சிஜன். மாறவே மாறாது. அதனால் அது சேர்மம். பால் அப்படியா? எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், பசும்பாலில் குறைவு. இரண்டும் பால்தான். ஆக, கலவை.

ஒரே வகை அணுக்களால் ஆன பொருளான தனிமத்துக்குத் தங்கத்தைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் கையில் கிடக்கும் 22 காரட் வளையல் தனிமம் இல்லை. அதில் சுமார் 91.6 சதவீதம்தான் தங்கம். மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. அது ஒருபடித்தான கலவை, அதாவது எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலந்தது.

பால் அந்த வகையிலும் சேராது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி போகும் பாதை பளிச்சென்று தெரியும். உப்புத் தண்ணீரில் தெரியாது. பாலில் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் கரையாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. இதுதான் டிண்டால் விளைவு. அதனால்தான் பாலைக் கூழ்மம் (நுண்துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவை) என்று சொல்லி, ஒரே சீராகக் கலக்காத பலபடித்தான கலவையில் சேர்க்கிறார்கள்.