இலைச்சாறு இருக்கட்டும், பல்லேடியம் எங்கே போகிறது?

கேள்வி: சிறிய வேதிப்பொருள் கூடம் நடத்துகிறோம். ஹைட்ரஜனேற்றத்துக்காக, கார்பன் மேல் பல்லேடியம் நானோ துகள் ஏற்றிய வினையூக்கியை இலைச்சாறு கொண்டு நாங்களே தயாரித்தோம். மூன்றாம் முறையே படுத்துவிட்டது. முகவர் ஒருவர் ‘முழுப் பசுமை’ வினையூக்கி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் பேச்சை நம்பி வாங்காதீர்கள். உலர் எடையில் எத்தனை சதவீதம் பல்லேடியம், எவ்வளவு ஈரம் என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.

இலைச்சாறு பல்லேடியம் உப்பை ஒடுக்கும், அதாவது உலோகமாக்கும்; மறுக்கவில்லை. ஆனால் சாற்றின் பாலிஃபீனாலும் சர்க்கரையும் துகளைப் போர்த்திக்கொண்டு, அது கார்பனை இறுகப் பற்ற விடாமல் செய்யலாம். அப்போது கலக்கக் கலக்க உலோகம் கழன்றுவிடும். போர்வையை எரித்து நீக்கப் போனால் துகள்கள் ஒட்டிப் பெருத்துப் போகும். உங்கள் வடிநீர் தெளிவாக இருப்பதை நம்பாமல், அதில் பல்லேடியம் அளந்து பாருங்கள். ஆய்விதழ்கள் எந்த இலை என்று கேட்கின்றன, எத்தனை மில்லிகிராம் உலோகம் திரும்பியது என்று பெரும்பாலும் கேட்பதில்லை!

எளிய வழி இருக்கிறது. 1 கிராம் கார்பன் 1 மி.லி. நீர் குடிக்கிறது என்றால், 10 கிராமுக்கு 10 மி.லி. பல்லேடியம் உப்புக் கரைசல் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எல்லாம் துளைக்குள் போய்விடும், கழிவுநீர் மிஞ்சாது. உலர்த்தி, மிதமான சூட்டில் ஹைட்ரஜன் செலுத்தி ஒடுக்குங்கள். குளோரைடு உப்பானால் அமில வாயு வரும், அதைக் காரக் கரைசலில் பிடியுங்கள். முடிந்ததும் நைட்ரஜன் செலுத்திவிட்டு, நீரால் நனைத்து ஈரமாகவே வையுங்கள். காய்ந்தது காற்றில் பற்றிக்கொள்ளும்.

தங்க வினையூக்கி செய்ய நினைத்தால் இந்த முறை ஆகாது. குளோரைடு தங்கினால் சூட்டில் தங்கத் துகள் பெருத்துவிடும். எனவே டைட்டானியாவை (டைட்டானியம் ஆக்சைடு தூள்) தங்க உப்புக் கரைசலில் போட்டு, காரம் சேர்த்து, தங்கத்தை ஹைட்ராக்சைடாகப் படியவைத்து, வெந்நீரில் கழுவவேண்டும். கழுவிய நீரில் நைட்ரிக் அமிலமிட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மை தெரியாமல் போகும் வரை கழுவுங்கள். டைட்டானியாவுக்குப் பதில் சிலிக்கா வைத்தால் தங்கம் சரியாகப் படியாது. சீக்கிரம் கழுவ அம்மோனியா போடச் சொல்வார்கள்; தங்கமும் அம்மோனியாவும் சேர்ந்தால் காய்ந்ததும் வெடிக்கும் பொருள் உருவாகக்கூடும். தொடவே தொடாதீர்கள்.

உலோகத்தை மீட்கப் பழைய வினையூக்கியை எடுத்துப்போகும் தரகரிடம்தான் உங்கள் பணம் கரைகிறது. அவரே எடை போட்டு, அவரே சோதித்து, அவரே விலை சொல்வார். கொடுக்குமுன் நன்றாகக் கலந்து, மூன்று மாதிரி எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு, மூன்றாவது இருவரும் முத்திரையிட்டு வைத்தது. தகராறு வந்தால் அதை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.